பெரியவரின் உள்ளங்கால்

அதிபர் மகரபூஷணத்தின் கால் மரத்துப்போன அன்று காலையில் சங்குமுனை தேசத்தில் எங்கள் எல்லாருடைய காலும் மரத்துப்போயிற்று. கணுக்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும், தவழ்கிற பிள்ளை முதல் கோல் ஊன்றுகிற கிழவர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் மரத்துப்போயிற்று. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இழுத்தபடியே இருந்தார்கள், இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஊற்றியபடியே இருந்தார்கள், கட்டிலிலிருந்து இறங்கியவர்கள் மட்டும் தரை எங்கே போயிற்று என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் பல் விளக்கப் போனார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவருக்கு எது வந்தாலும் அது எங்களுக்கும் வந்துசேரும் என்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அப்படிப் பழக்கிவிட்டவர் டாக்டர் மரியநேசன்தான், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே. அதிபரின் மருத்துவ ஆலோசகர் என்பது அவர் பதவி. எங்கள் நாட்டில் ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்கிறவர், அவ்வளவுதான். சொன்னதை யார் கேட்டு நடக்கவேண்டும் என்பதை அதிபர் முடிவு செய்வார். சர்க்கரை நோய் முற்றிக்கொண்டு வருகிறது, இனிப்பை நிறுத்துங்கள் ஐயா என்று டாக்டர் சொன்னபோது, அருமையான ஆலோசனை என்று பெரியவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, அன்றைக்கே நாட்டிலுள்ள டீக்கடைகளில் எல்லாம் சர்க்கரைக்குத் தடை போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரி சாப்பிட்டார். தினமும் நடங்கள் என்றார் டாக்டர். விடிந்ததும் விடியாததுமாக நாங்கள் எல்லாரும் கடற்கரையில் கைவீசி நடந்தோம், பெரியவர் மாடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜனங்கள் மெலிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களே உப்பில்லாத கஞ்சி குடித்தார்கள். ஆகவே கால் மரத்துப்போனபோது, இந்தத் தடவை காரியம் முந்திக்கொண்டது, உத்தரவு பின்னால் வரும் என்று இருந்துவிட்டோம்.

முதலில் அது சௌகரியமாகத்தான் இருந்தது. உச்சிவெயிலில் மணலில் ஆற அமர நடந்தோம், நெருஞ்சிக் காட்டுக்குள் ஆடு பத்திக்கொண்டு போனோம், உப்பளத்தில் பாளம் பாளமாக வெடித்த கால்களை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினோம், செருப்புக்கடைக்காரர் கடையைக் காலி பண்ணிவிட்டுக் குடை விற்க ஆரம்பித்தார். ஆடி மாதம் அம்மன் கோயில் பூக்குழிக்கு, விரதமிருந்தவர், இல்லாதவர், வேண்டுதல் உள்ளவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் என்று ஊரே இறங்கிற்று. நெருப்புக்கு நடுவில் நின்றுகொண்டு சம்பந்தி வீட்டுச் சேதி விசாரித்தவர்களும் உண்டு. பூசாரி குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா, இனி உன்னிடம் எதைக் கொடுத்து எதைக் கேட்பார்கள் என்று விம்மி விம்மி அழுதார். நாங்கள் அவரைச் சுற்றி நின்று பார்த்தோம். எங்களுக்கு அழுகை வரவில்லை, பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, காலோடு சேர்ந்து எங்களுக்குள் வேறென்னவோவும் கொஞ்சம் மரத்துப்போயிருந்தது.

பிறகுதான் மீன் ஏலம் கூறுகிற சூசையம்மாள் ஏலக்கொட்டகையிலிருந்து வீடுவரை ரத்தத் தடம் பதித்துக்கொண்டு வந்தாள். சிப்பி ஓடு காலில் முழுசாக இறங்கியிருந்தது. அவள் அதன் மேலேயே நாளெல்லாம் நின்று ஏலம் கூறியிருக்கிறாள். அதற்குப் பிறகு நாங்கள் பொழுது சாய்கிற நேரத்தில் கால் பார்க்க ஆரம்பித்தோம். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது சின்ன வயதுக்காரர்களுக்கு ஆகும், மற்றவர்களுக்கு இன்னொருவர் வேண்டும். ஆகவே விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு ஒருவர் காலை ஒருவர் மடியில் தூக்கிவைத்து, குதிகால், விரலிடுக்கு, பாதத்தின் வளைவு என்று தடவிப் பார்த்து, முள் இருந்தால் எடுத்து, கிழிந்திருந்தால் கட்டி, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொத்துத் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே காலை மட்டும் பார்த்தார்கள். பேச்சுவார்த்தையில்லாத மாமியாரும் மருமகளும் பேச்சில்லாமலே பார்த்துக்கொண்டார்கள். தனிக்கட்டைகள் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள், போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில், பையன் கால் பார்ப்பானா என்று கேட்பது வழக்கமாயிற்று. உன் காலைப் பார்க்க நாதியத்துப் போவ என்பதற்கு மேல் பெரிய சாபம் எங்களிடம் இல்லாமல் போயிற்று.

டாக்டர் மரியநேசன் தினமும் அரண்மனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி பிலோமினாவின் காலைத்தான் பார்ப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளுக்கு மூட்டுவாதம், முட்டி மடங்காது, தன் காலைத் தானே பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. போதாததற்கு அவளுக்கும் சர்க்கரை இருந்தது. அவர் பார்த்து முடித்ததும், இப்ப உங்க கால் என்று சொல்லி அவர் காலை அவள் மடியில் வாங்கிக்கொள்வாள். அந்த வேளையில் அவர்கள் வீட்டு ஜன்னல் பக்கம் போகிறவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அரண்மனையில் சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர் வீட்டில் சிரித்தார் என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி.

ஊர் முழுக்கக் கால் பார்த்துக்கொண்டிருந்தது. அதிபரின் காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. எங்கள் நாட்டில் தினமும் காலையில் பாத நேரம் என்று ஒன்று உண்டு. அரண்மனை முன்கூடத்தில் பெரியவர் வெறுங்காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வரிசையில் வந்து மந்திரி, வாத்தியார், வலைக்காரர், கட்சிக்காரர் எல்லாரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, புறங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுவோம். டாக்டர் ஒருவர் மட்டும் விழுவதில்லை. வேலையில் சேரும்போதே, வைத்தியம் பார்க்கிறவன் காலில் விழுந்தால் வைத்தியம் நடக்காது என்று கறாராகச் சொல்லிவிட்டார், பெரியவரும் ஒப்புக்கொண்டார்; ஆனால் அதற்குப் பதிலாக அரண்மனைக்காரர்கள் ஒரு விதியை எழுதிவைத்தார்கள். நாக்கு, நாடி, வயிறு, நெஞ்சு எல்லாம் டாக்டருக்கு. பாதம் ஜனங்களுக்கு. குனிந்து பாதத்தின் பக்கம் போகிறவர் விழுவதற்குத்தான் போகவேண்டும்.

"ஐயா, உங்க உள்ளங்கால ஒருதடவை பாத்துக்கிடுதேன்" என்று டாக்டர் கேட்டார். ஊரில் கால் பார்க்கிற வழக்கம் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேரு தெனம் பாக்கானுவ. உமக்கு வேற தனியா எதுக்குவே?" என்றார் பெரியவர்.

"அவங்க தொடுதாங்க ஐயா. பாக்கல."

"டாக்டரே, காலுக்குக் கீழ பாக்கணும்னு சொல்லுதவன் பூரா என் காலை வாரிவிடப் பாத்தவன்தான். நீரு நல்ல மனுஷன், அந்தக் கூட்டத்துல சேராதேயும்."

டாக்டர் வெளியே வந்து, அன்றைக்கு ரேடியோவில் வாசிக்க வேண்டிய அறிக்கையில், அதிபர் பூரண நலத்துடன் இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டார். சேர்ந்த நாளிலிருந்து இதே வாசகத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டுவருகிறார். ஆரம்பத்தில் கை கூசியது. போகப்போக, எழுதுகிற கை யாருடையதோ என்பதுபோல அவரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டார்.

புரட்டாசியில் முன்கூடத்தில் ஒரு வாடை வந்தது. விழுந்து எழுந்த எல்லாருக்கும் அது மூக்கில் ஏறிற்று. சுகாதார மந்திரி அய்யம்பெருமாள்தான் முதலில் வாயைத் திறந்தார். பெரியவர் பாதத்தில் தாழம்பூ மணக்கிறது என்றார். அதன்பிறகு விழுந்தவர்கள் எல்லாரும் தாழம்பூ மணக்கிறது என்றோம், கொஞ்ச நாளில் எங்களுக்கு அது உண்மையாகவே தாழம்பூவாக மணக்கத் தொடங்கிற்று, தாழம்பூ விற்கிறவர்களிடம் உங்கள் பூவில் வாசம் சரியில்லையே என்று சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டோம். டாக்டருக்கு அது அழுகுகிற சதையின் வாடை என்று தெரிந்தது. பெரியவர் உடம்பில் காய்ச்சல் காய்ந்தது. மருந்து கொடுத்தார், ஊசி போட்டார், காலைக் காட்டுங்கள் என்று மந்திரிகள் இருக்கும்போதே குரலை உயர்த்திக் கேட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது வாசலில் அய்யம்பெருமாள் நின்று, "பெரியவர் உங்களைப் பிரிஞ்சி ஒரு நிமிஷம் இருக்க முடியாதுங்காரு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வெளியே போய் எதையாவது சொல்லிவிடக்கூடாது என்பது அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து அவர் அரண்மனையிலேயே தங்கும்படி ஆயிற்று.

சாயங்காலம் போன் பேச மட்டும் விட்டார்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்.

"இன்னைக்கு வாரியளா?" என்பாள் பிலோமினா.

"நாளைக்குப் பாப்போம். கால் பாத்தியா பிலோமி?"

"பாத்தாச்சு."

"யாரு பாத்தா?"

"நான்தான். கீழ கண்ணாடிய வச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. நீங்க அங்க வேளாவேளைக்குச் சாப்பிடுதியளா?"

"பக்கத்து வீட்டு ரெஜினாட்ட ஒருதடவை காட்டேன்."

"டாக்டர் பெண்டாட்டி காலை அடுத்தவ பாக்கணுமாக்கும். எங்க போயிரப் போவுது? நீங்க வந்து பாத்துக்கிடலாம்."

அந்த வீட்டில் இருந்த கண்ணாடி, டாக்டர் சவரம் செய்வதற்காகச் சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி ஒன்றுதான். அதை அவள் கழற்றவே இல்லை. தனியாக இருக்கிற மனுஷி பொய் சொல்லித்தான் புருஷனை நிம்மதியாக வைக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ரெஜினா ஒருநாள் விளக்கு வைத்ததும் போய், டாக்டரம்மா, காலை நீட்டுங்க பாத்திருதேன் என்று கேட்கத்தான் செய்தாள். பிலோமினா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, அவுக பாத்துட்டாக என்றாள். ரெஜினா வந்து எங்களிடம் சொன்னாள். அவர் எப்போது வந்தார், எப்படிப் பார்த்தார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, டாக்டர் வீட்டுக் காலை டாக்டர் பார்க்காமலா இருப்பார் என்று அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டோம். அது எங்கள் தப்பு, அதில் சந்தேகமே இல்லை.

டாக்டர் அரண்மனையில் சாப்பிட்டார், தூங்கினார், கையெழுத்துப் போட்டார். பெரியவர் பிழைத்தால் வீட்டுக்குப் போகலாம், காலைப் பார்த்தால் பெரியவரைப் பிழைக்கவைக்கலாம், காலில் விழுந்தால்தான் காலைப் பார்க்கலாம் என்று அவர் கணக்கு ஒரு முடிவுக்கு வர ஐப்பசி பிறந்துவிட்டது. ஒருநாள் பாத நேரத்தில் வழக்கமாக நிற்கிற நாற்காலிக்குப் பின்னால் அவரைக் காணவில்லை. பார்த்தால் வரிசையில் நிற்கிறார். கூடம் முழுக்கக் குசுகுசு என்றது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்து எழுந்து போக, டாக்டரின் முறை வந்ததும் பெரியவரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வாரும் டாக்டரே. கடைசில நீரும் வந்துட்டீரு பாத்தீரா" என்றார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சு தரையில் பட விழுந்தார். கையை நீட்டிப் பெரியவரின் வலது காலைப் பிடித்தார். பிடித்த காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோலத் தூக்கிப் புரட்டினார்.

குதிகாலில் ஒரு கட்சி பேட்ஜ் பதிந்திருந்தது. பெரியவர் சிரிக்கிற முகம் போட்ட தகர பேட்ஜ், அதன் ஊசி சதைக்குள் முழுக்க இறங்கியிருந்தது, அதைச் சுற்றிப் பாதம் பாதிக்கு மேல் கறுத்திருந்தது. விழுந்து எழுந்த யாரோ ஒருவருடைய சட்டையிலிருந்து கழன்று விழுந்து, எழுந்து நடந்த பெரியவரின் காலில் ஏறியிருக்கவேண்டும். அதன்பிறகு எத்தனையோ பேர் அந்தக் காலைத் தொட்டோம், முத்தமிட்டோம், பன்னீர் ஊற்றிக் கழுவினோம், புறங்காலைத் தவிர எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மற்றதை டாக்டர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டோம்.

"கால எடுக்கணும் ஐயா. முட்டிக்குக் கீழ. இன்னைக்கே எடுத்தா உயிர் தங்கும்" என்றார் டாக்டர், தரையில் கிடந்தபடியே.

அருமையான ஆலோசனை என்று பெரியவர் சொல்லிவிடப் போகிறாரோ என்று கூடத்தில் இருந்த நாங்கள் எல்லாரும் எங்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டோம். அவர் சொல்லவில்லை. கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். தன் வாழ்நாளில் பார்த்திராத தன் உள்ளங்காலை நெடுநேரம் பார்த்தார். அதில் தன் முகம் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னை நானேதான் குத்தியிருக்கேன். வேற எவனுக்குவே அந்தத் தைரியம் வரும்?"

"விஷம் மேல ஏறுது ஐயா."

"கால எடுத்துட்டா ஜனங்க எதுல விழுவாங்க?"

"விழாம நின்னு பாப்பாங்க ஐயா."

டாக்டர் வேடிக்கையாகப் பேசி யாரும் கேட்டதில்லை; ஆகவே பெரியவர் இதை முதல் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார், மந்திரிகளும் சிரித்தார்கள். அதற்குள் வரிசையில் அடுத்து நின்ற வலைக்காரர் ஒருவர், இனிமேல் இப்படித்தான் விழவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, விழுந்து, காலைத் தூக்கிப் புரட்டி, அந்தக் கறுத்த இடத்தில் நெற்றியை வைத்தார். அவருக்கு அடுத்தவரும் வைத்தார். அன்று வரிசை முடிவதற்குள் அது வழக்கமாகிவிட்டது. மறுநாள் வரிசை கடற்கரைவரை நீண்டது. சிலர் மஞ்சளும் சந்தனமும் கொண்டுவந்தார்கள், சிலர் மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள், நாட்டுக்காக ஏற்ற காயம் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள், பேட்ஜைப் பிடுங்கி எடுத்துச் சிவப்புப் பட்டில் வைத்தார்கள். காயத்தை எல்லாரும் பார்த்தோம். அது காயம் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

டாக்டர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அய்யம்பெருமாளிடம் கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். ஒரு மணி நேரம் போதும், அவள் காலைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

"இப்ப போனா ஜனங்க என்ன நினைக்கும்? காட்டிக்கொடுத்ததே நீங்கதானே" என்றார் அய்யம்பெருமாள்.

வருகிறவர்கள் ஆளாளுக்குக் காலைப் பிடித்துத் தூக்குவதில் நெரிசல் ஏற்பட்டதால், அதை ஒருவர் பக்குவமாகத் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று ஆயிற்று, அதற்கு மருத்துவ ஆலோசகரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்றும் ஆயிற்று. ஆகவே டாக்டர் மரியநேசன் பெரியவரின் காலடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த உள்ளங்காலைத் தன் இரண்டு கையிலும் தூக்கி ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்களும் போனோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் அவருக்கு வருத்தம்கூட வரவில்லை, சாயங்காலம் போனில் பிலோமினா நல்லாத்தான் இருக்கு என்று சொல்லும்போது மட்டும் அவர் யாரு பாத்தா என்று திரும்பத் திரும்பக் கேட்பார் என்று பக்கத்தில் நின்ற ஆள் பிற்பாடு எங்களிடம் சொன்னான்.

ஒருநாள் முற்பகலில், வரிசை பாதிகூடப் போகாத நேரத்தில், பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தவாறே போய்விட்டார். மார்பு அடங்கியது டாக்டருக்குத் தெரியவில்லை, சுற்றி நின்ற மந்திரிகளுக்கும் தெரியவில்லை. டாக்டரின் காலில்தான் முதலில் தெரிந்தது. பூட்சுக்குள் கொப்புளம் விட்டிருந்த இரண்டு காலிலும் சுரீரென்று வலி ஏறியது.

எங்களுக்கும் ரேடியோ சொல்வதற்கு முன்னால் கால் சொல்லிற்று. கடைத்தெருவில் நின்றவர்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்தோம், படகில் இருந்தவர்கள் பலகையில் விழுந்து புரண்டோம். சரியாகப் பார்க்காமல் விட்ட முள்ளெல்லாம், இருட்டில் கண்ணுக்குத் தப்பிய கண்ணாடிச் சில்லெல்லாம், பூக்குழியில் வெந்து ஆறாமல் கிடந்த சதையெல்லாம், உப்பளத்து வெடிப்பெல்லாம் ஒரே சமயத்தில் வலித்தன. அத்தனை நாள் வலியும் சேர்ந்து அழவைத்தது. குழந்தைகள் அழுதார்கள், போலீஸ்காரர்கள் அழுதார்கள், அய்யம்பெருமாள் ஒற்றைக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு அரண்மனை மாடத்தில் நொண்டியடித்துக் கதறினார். வெளிநாட்டிலிருந்து படம்பிடிக்க வந்திருந்தவர்கள், தலைவனுக்காக இப்படி அழுத ஜனங்களைக் கண்டதில்லை என்று எழுதினார்கள், உலகமெல்லாம் அதைப் பார்த்துக் கண்கலங்கியதாம். நாங்கள் அதைத் திருத்தப் போகவில்லை. அழுகை எங்களுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

டாக்டர் பெரியவரின் காலைத் தரையில் இறக்கிவைத்தார். கடைசி அறிக்கை எழுதவேண்டும் என்று யாரோ பின்னாலேயே காகிதம் கொண்டுவந்ததை அவர் வாங்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை, தடுக்கிற நிலையில் யாருடைய காலும் இல்லை. பூட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டித் தெருவில் நடந்தார். அவர் வைத்தியர், எங்களுக்கு வைத்தியம் வேண்டியிருந்தது. ஆகவே நாங்களும் நொண்டி நொண்டி அவர் பின்னாலேயே போனோம். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு அலறல். அலறல் கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்ததை நாங்கள் பார்த்தோம். வலிக்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், அவளும் இப்போது அழுதுகொண்டிருப்பாள், முள்ளோ ஆணியோ இருந்தால் எடுத்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். தெருமுனை திரும்பியதும் நின்று காதுகொடுத்துக் கேட்டார். ரெஜினா வீட்டில் அழுதார்கள், எதிர்வீட்டில் அழுதார்கள். அவர் வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

பிலோமினா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நீட்டிய காலைச் சேலை மூடியிருந்தது. அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"வந்துட்டியளா? பெரியவர் போயிட்டாராமே, பாவம். ஊரே காலைப் பிடிச்சிக்கிட்டு அழுவுது. நமக்கு ஆண்டவர் புண்ணியத்துல ஒண்ணுமில்ல. ஒரு சுருக்குன்னுகூட இல்ல, பாத்துக்கிடுங்க" என்றாள், பெருமையாக.

அன்று சங்குமுனையில் உயிருள்ள கால் எல்லாவற்றுக்கும் வலி திரும்பியிருந்தது. டாக்டர் பூட்சைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இறால் வாடையையும் மீறி இன்னொரு வாடை அடித்தது, வாசலில் நின்ற எங்களுக்கே அடித்தது, அதைத் தாழம்பூ என்று சொல்ல அன்றைக்கு எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவர் சேலையை விலக்கி, அவள் இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். விரல்களில் தொடங்கி மேலே கொஞ்சதூரம்வரை பார்த்துவிட்டு, அதற்குமேல் பார்க்கவேண்டிய அவசியமில்லாமல், கையை அதன்மேல் வைத்தபடி இருந்தார்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

பூரண நலம் என்று எத்தனையோ நாள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொடுத்த மனிதர்தான். இப்போதும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் அவள் கால்மேல் விழுந்தது, அவள் காலுக்கு அது தெரியவில்லை. பிலோமினா காலைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறால் சட்டியை ஓரமாகத் தள்ளி, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்து, அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எப்ப எடுக்கணும்?" என்றாள்.